தடாகத்தை எப்போது மூடுவது: வன்னியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியோடு இருக்கிற ஒரு விடுதியின் நீச்சல் தடாகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தங்க வருபவர்களுக்கு மட்டுமல்ல, ரிக்கெற் எடுத்து வருகிற எவருக்கும் திறந்திருக்கும் தடாகம். சனி, ஞாயிறில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், ஆடி ஆவணியில் கனடா, சுவிஸ், லண்டனிலிருந்து வருகிற குடும்பங்கள், இடைக்கிடை கல்யாண வீட்டுக் கூட்டம். இப்போது வன்னியில் புதிது புதிதாக விடுதிகளும் மண்டபங்களும் எழும்புகின்றன, கட்டுகிறவர்களில் சிலர் "ஒரு பூலும் போடலாமென்று இருக்கிறோம்" என்று எனக்குப் போன் எடுப்பார்கள். எவ்வளவு முடியும், எத்தனை அடி ஆழம், என்ன நிற டைல்ஸ் என்றுதான் கேட்பார்கள். தடாகத்தை எப்போது மூடுவது, மூடு என்று சொல்கிற அதிகாரம் யாருக்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு இந்த வேலையில் முதலாவது கேள்வி அதுதான். தண்ணீரைச் சோதிப்பது, கொப்பியில் எழுதுவது, மருந்து போடுவது எல்லாமே மூட வேண்டிய நேரத்தில் தயங்காமல் மூடுவதற்காகத்தான்.

வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். தடாகப் பொறுப்பாளர் மூடினால் வரவேற்பு மேசையோ மனேச்சரோ முதலாளியோ அதைத் திறக்கக் கூடாது. காரணம் சரியா பிழையா என்று பிறகு கதைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் வாசல் பூட்டியபடிதான் இருக்கும். இது இல்லாத இடத்தில் வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் பயிற்றுகிற பொடியன்களிடமும் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. இரணைமடு வாய்க்காலிலும் அக்கராயன் குளத்திலும் முத்தையன்கட்டிலும் குதித்து வளர்ந்தவர்கள். அதனால் "குளத்துத் தண்ணியில இல்லாத அழுக்கா அண்ணை, இது கண்ணாடி மாதிரிக் கிடக்கு, பிறகேன் இவ்வளவு மருந்து?" என்று கேட்பார்கள். குளத்தில் ஒரு ஆளைச் சுற்றி இருக்கிற தண்ணீரின் அளவே வேறு. எங்கள் தடாகத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் லீற்றர். அதே தண்ணீர்தான் மண் வடிகட்டிக்குள் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. நாற்பது பேர் இறங்கினால் நாற்பது பேரின் வியர்வை, எண்ணெய், சிறுநீர் எல்லாம் அதற்குள்ளேதான் சுற்றும். கண்ணாடி மாதிரி இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரைக் கலக்கவும் மாட்டாது.

எங்கள் பக்கக் கிணற்று நீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் எழுதிய கைநூல்களை அப்படியே பின்பற்றினால் இங்கே தடுமாறுவீர்கள். தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அந்தச் சுண்ணாம்பு தடாகத்திலும் படியும். டைல்ஸ் விளிம்பில், குழாயில், வடிகட்டி மணலில் எல்லாம் இறுகிவிடும். சில கிணறுகளில் இரும்பும் இருக்கும். அந்தத் தண்ணீரை நிரப்பிக் குளோரின் போட்டவுடன் தேநீர் நிறத்துக்கு மாறும், புதிதாகத் திறக்கிறவர்கள் பயந்துபோவார்கள். தடாகம் கட்டுமுன்பே கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துக் கடினத்தன்மை (சுண்ணாம்பு எவ்வளவு என்பது), இரும்பு, காரத்தன்மை (பிஎச்சை ஆடாமல் பிடித்துவைக்கிற தன்மை) மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கடினமான நீரில் பிஎச், அதாவது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டுகிற எண், மேலேதான் ஏறிக்கொண்டிருக்கும். நாங்கள் போடுகிற குளோரின் மருந்தான கல்சியம் ஹைப்போகுளோரைற்றும் அதை இன்னும் ஏற்றும். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதைக் கண் எரிச்சலுக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிஎச் 7.5இல் நீங்கள் போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8க்குப் போனால் அது கால்வாசியாகிவிடும். சோதனைக் குழாயில் குளோரின் 2 பிபிஎம் (லீற்றருக்கு 2 மில்லிகிராம்) என்று காட்டும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள், ஆனால் வேலை செய்வது அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் நான் முதலில் பார்ப்பது பிஎச், அப்புறம்தான் குளோரின். பிஎச் 7.8ஐத் தாண்டினால் அமிலம் போட்டு இறக்கி, மோட்டரை ஓடவிட்டுத் திரும்பச் சோதித்த பிறகுதான் வாசல் திறக்கும்.

சோதிக்கிற முறையிலும் கவனம் வேண்டும். கடைகளில் மலிவாக ஒரு பெட்டி விற்கிறார்கள், சொட்டு விட்டால் மஞ்சளாகும். அது காட்டுவது மொத்தக் குளோரின், அதாவது ஏற்கெனவே வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் கூட்டித்தான் காட்டும். உங்களுக்குத் தேவை தனியாக இருக்கிற குளோரின். அதற்கு டிபிடி வில்லை போட்டு இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்க்கிற பெட்டிதான் வேண்டும். விலை கூட, ஆனாலும் அதையே வாங்குங்கள். தண்ணீரை மேற்பரப்பில் அள்ளக் கூடாது, முழங்கை ஆழத்தில், நீர் திரும்பி வருகிற குழாய்க்குத் தள்ளி எடுக்க வேண்டும். சோதனைக் குழாயை முதலில் அதே தண்ணீரால் அலசி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று நிறத்தை ஒப்பிட வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறம் தோன்றி வெளுத்துவிடும், பார்த்தால் குளோரினே இல்லாதது போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு இன்னும் அள்ளிப் போடப் போவார்கள். சந்தேகமென்றால் நல்ல தண்ணீர் கலந்து ஐதாக்கித் திரும்பச் சோதியுங்கள்.

தனிக் குளோரின் 1க்குக் கீழே போனால் தடாகம் மூடப்படும். நாங்கள் 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்கிறோம். மொத்தக் குளோரினுக்கும் தனிக் குளோரினுக்கும் உள்ள வித்தியாசம் 0.4ஐத் தாண்டினால், அன்றிரவு அந்த வித்தியாசத்தின் பத்து மடங்கு குளோரின் போட்டு, அந்த வலுவிழந்த குளோரினை அழித்துவிடுவோம். "குளோரின் மணக்குது, நல்லாப் போட்டிருக்கிறாங்கள்" என்று வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அந்த மணம் குளோரின் பற்றாததன் அடையாளம், சிறுநீரோடு சேர்ந்த குளோரினின் மணம் அது. நல்ல தடாகத்தில் மணமே பெரிதாக இராது. இறங்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கச் சொல்வதும் இதற்காகத்தான், அதில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிற அம்மாக்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

எங்கள் வெயில் குளோரினைக் குடித்துவிடும். திறந்த தடாகத்தில் பகல் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். இதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் சேர்ந்த வில்லைகள் விற்கிறார்கள், மிதவையில் போட்டுவிட்டால் வேலை குறைவு. ஆனால் அந்த அமிலம் வெயிலில் போகாது, ஒவ்வொரு வில்லையோடும் கூடிக்கொண்டே வரும். அளவு மீறினால் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துபோகும், தண்ணீரை வெளியேற்றிப் புது நீர் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீருக்குத் தட்டுப்பாடான சோளகக் காலத்தில் அதை எங்கே போய்ச் செய்வது? அதனால் நாங்கள் வில்லையைத் தொடுவதில்லை. வலை கட்டி நிழல் போட்டோம், காலையும் மாலையும் மட்டும் திறக்கிறோம், நடுப்பகலில் மூடி, திறக்க முன் சோதித்துக் குளோரின் போடுகிறோம். கணக்கு எளிது: ஒரு லட்சம் லீற்றருக்கு 1 பிபிஎம் ஏற்ற 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைற் சுமார் 150 கிராம். உங்கள் தடாகத்தின் அளவை அளந்து சுவரில் எழுதி வையுங்கள், ஆள் மாறினாலும் கணக்கு மாறாது.

சோளகக் காற்று தொடங்கினால் செம்மண் தூசி வந்து விழும், வேப்பம் சருகு விழும். வடிகட்டி அழுத்தமானி சுத்தமாயிருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடிவிட்டால் நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ வேண்டும். மாரியில் பிரச்சினை வேறு. மழை நீர் காரத்தன்மையை இறக்கிவிடும், பிஎச் ஒரு நிலையில் நில்லாது, வெள்ளத்தோடு தவளையும் சேறும் வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. தடாக விளிம்பைச் சுற்றுத் தரையைவிட உயர்த்திக் கட்டுங்கள். எந்தக் காலமானாலும் கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்தின் அடி வடிகால் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குளோரின் எவ்வளவு இருந்தாலும் மூடுங்கள், அடியில் ஒரு பிள்ளை கிடந்தாலும் தெரியாத தண்ணீர் அது. இடி முழங்கினாலும் எல்லோரும் வெளியே, கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தினார்களே, அப்போது மோட்டர் ஓடவில்லை, நாங்களும் திறக்கவில்லை. சுற்றாத தண்ணீரில் ஆளை இறக்க முடியாது.

மூடுவது எவ்வளவு கஷ்டமென்று ஒரு கல்யாண வீட்டு மறுநாள்தான் நன்றாகத் தெரிந்தது. குடும்பம் முழுதும் தண்ணீருக்குள், பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அடுத்த நாள் விமானம். ஒரு சின்னப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. தாய்க்கு அவமானம், முகம் கறுத்துவிட்டது. நான் விசிலை ஊதி எல்லோரையும் ஏறச் சொன்னேன். பிள்ளையின் மாமனார் முறையான ஒருவர் வந்தார்.

"தம்பி, அந்தப் பக்கத்த வலையால அள்ளிப்போட்டுக் கொஞ்சம் மருந்து கூடப் போடுங்கோவன். நாங்கள் இந்தப் பக்கம் நிக்கிறம்."

"ஐயா, இது ஒரே தண்ணி. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எண்டு இல்ல. இண்டைக்குத் திறக்க மாட்டன். காசு திருப்பித் தருவினம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தாயிடம் தனியாகப் போய், பிள்ளைகளுக்கு வருவதுதான் அக்கா, நீங்கள் உடனே சொன்னது பெரிய உதவி என்று சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன். சொல்லாமல் மறைத்துக்கொண்டு ஏறிப் போகிறவர்கள்தான் ஆபத்து. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஈகோலை போன்ற கிருமிகள் நல்ல குளோரினில் ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1 பிபிஎம் குளோரினில் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வயிற்றுப்போக்கென்றால் அது இருக்கிறதென்றே வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலின்படி பிஎச்சை 7.5 அல்லது அதற்குக் கீழே வைத்து, குளோரினை 20 பிபிஎம்முக்கு ஏற்றி, பன்னிரண்டே முக்கால் மணி நேரம் அந்த அளவிலேயே வைத்திருந்தோம், மோட்டர் முழு நேரமும் ஓடியது. சயனூரிக் அமிலம் கலந்த தண்ணீரென்றால் அந்த நேரம் 28 மணியாகிவிடும், அதுவும் அந்த அமிலம் 15 பிபிஎம்முக்கு மேல் இல்லாவிட்டால்தான். கட்டியான மலமென்றால் இவ்வளவு தேவையில்லை, அள்ளி அகற்றி 2 பிபிஎம்மில் அரை மணி நேரம் போதும். இந்த வித்தியாசத்தை அச்சடித்து மருந்து அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வயிற்றுப்போக்கு வந்தவர்கள் சுகமாகி இரண்டு வாரம் வரை தடாகத்துக்கு வராமலிருப்பது நல்லது.

மருந்து அறையைப் பற்றிச் சுருக்கமாக. அமிலமும் குளோரினும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, ஒரே அள்ளுகோப்பையும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு எடுக்க முடியாது. இரண்டு வகைக் குளோரினைக் கலந்தாலும் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். வாளித் தண்ணீருக்குள் மருந்தைப் போடுங்கள், மருந்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்களிடம் அமிலத்துக்குச் சிவப்புக் கோப்பை, குளோரினுக்கு வெள்ளைக் கோப்பை, இரண்டும் வேறு வேறு அறையில் சங்கிலியில் கட்டியிருக்கும்.

இனி ஆட்களைப் பார்ப்பது. கொப்பியில் எல்லா எண்ணும் சரியாயிருந்து, கரையில் பார்க்க ஆள் இல்லாவிட்டால் தடாகம் திறந்திருக்கக் கூடாது. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று நினைக்கிறோம். கூப்பிட முடியாது, மூச்செடுக்கவே வாய் போதாது, சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் கீழே போய்விடுவார். வாய்க்காலில் நீந்திப் பழகிய பொடியன்கள்தான் எனக்கு அதிகம் பயம் தருகிறவர்கள், ஏனென்றால் நீரோட்டம் தள்ளிவிட நீந்தியவர்களுக்கு நில்லாமல் நீந்தத்தான் தெரியும், ஆழத்தில் நின்று மிதக்கத் தெரியாது. உயிர்காப்பாளருக்கு ரிக்கெற் கிழிக்கிற வேலையோ துவாய் கொடுக்கிற வேலையோ கொடுக்காதீர்கள். பத்து விநாடிக்குள் தன் பகுதி முழுவதையும் கண்ணால் ஒரு தடவை வலம் வர வேண்டும், இருபது விநாடிக்குள் எந்த மூலைக்கும் போய்ச் சேர வேண்டும், இதுதான் அளவு. அரை மணிக்கொருதரம் ஆள் மாற வேண்டும், வெயிலில் கண் சோர்ந்துவிடும். குடித்துவிட்டு வருகிறவரை இறக்குவதில்லை, அவர் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும்.

தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமத்துவதும் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த நேரம் வீணாகும், வயிற்றிலிருப்பது மூச்சுக்குழலுக்குள் போகும். மூச்சில்லையென்றால் உடனே வாய்க்கு வாய் ஐந்து தடவை காற்று ஊதி, பிறகு நெஞ்சை முப்பது தடவை அமத்தி இரண்டு ஊதல் என்று விடாமல் தொடருங்கள். மற்றவர் 1990க்கு அழைக்கட்டும், அம்புலன்ஸ் இலவசம்.

அடி வடிகாலின் இழுவையையும் பலர் யோசிப்பதில்லை. ஒரே ஒரு வடிகால் இருந்து அதன் மூடி கழன்றால் மோட்டரின் இழுவை ஒரு பிள்ளையை அடியோடு பிடித்துவைத்துவிடும், பெரிய ஆளாலும் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி 2002இல் இப்படித்தான் ஒரு சூடுநீர்த் தொட்டியில் இறந்தாள், அவள் பெயரிலேயே 2007இல் சட்டம் வந்தது. இரண்டு வடிகால், ஒன்றுக்கொன்று மூன்றடிக்குக் குறையாத தூரம், வளைந்த மூடி, கரையில் கைக்கெட்டுகிற இடத்தில் மோட்டர் நிறுத்துகிற சுவிச். காலையில் நான் தண்ணீரைச் சோதிக்க முன்னமே மூடியின் திருகாணிகளைப் பார்த்துவிடுவேன். ஒன்று குறைந்தாலும் அன்று திறப்பதில்லை. மின்சாரத்துக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருதரம் அமத்திப் பாருங்கள்.

ஜக்குசி, அதாவது குமிழி விடுகிற சூடுநீர்த் தொட்டி, வேண்டுமென்று முதலாளியின் உறவினர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். நான் இதுவரை சம்மதிக்கவில்லை. சூட்டிலும் குமிழியிலும் குளோரின் சட்டென்று போய்விடும், தண்ணீர் குறைவு, ஆள் நெருக்கம், நுரையீரலைத் தாக்குகிற லெஜியோனெல்லாக் கிருமி வளர மிகப் பிடித்த சூடும் அதுதான். 1999இல் நெதர்லாந்தின் பொவென்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்திருந்த சூடுநீர்த் தொட்டியின் ஆவியை மூச்சில் எடுத்து நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், குறைந்தது 32 பேர் இறந்தார்கள். அதில் பலர் தொட்டியைக் கடந்து நடந்துபோனவர்கள், இறங்கினவர்கள்கூட இல்லை. நடத்தத்தான் வேண்டுமென்றால் சூடு 40 பாகையைத் தாண்டக் கூடாது, குளோரின் 3 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, திறந்திருக்கிற நேரம் முழுதும் மணிக்கொருதரம் சோதிக்க வேண்டும். தண்ணீரையும் அடிக்கடி முழுதாக மாற்ற வேண்டும். 1,500 லீற்றர் தொட்டியில் நாளுக்கு இருபது பேர் இறங்கினால் ஆறு நாளுக்கொருதரம் இறக்கித் தேய்த்துக் கழுவ வேண்டிவரும். அதற்கு ஒரு தனி ஆளைச் சம்பளத்துக்கு வைக்கத் தயாரென்றால் கதைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சட்டப் பக்கம்: கட்டட அனுமதியும் வருடாந்த வியாபார அனுமதியும் பிரதேச சபையில், சுற்றுலா விடுதியாகப் பதிவு செய்வது 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில், சுகாதாரத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பி.எச்.ஐ). உலக சுகாதார நிறுவனம் 2006இல் தடாகங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது, நாங்கள் எங்கள் கொப்பியை அதைப் பார்த்துத்தான் கோடு போட்டோம்: நேரம், பிஎச், தனிக் குளோரின், மொத்தக் குளோரின், ஆட்தொகை, போட்ட மருந்து, மூடியதென்றால் ஏன், கையொப்பம். மாதத்துக்கொருதரம் ஆய்வுகூடத்துக்கு மாதிரி போகும், 100 மில்லிலீற்றரில் ஈகோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பி.எச்.ஐ வந்தால் முதலில் இந்தக் கொப்பியைத்தான் நீட்டுவேன். எண்கள் எல்லா நாளும் ஒரே மாதிரி அழகாக இருந்தால் அவர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. மூடிய நாட்கள் எழுதியிருக்கிற கொப்பிதான் உண்மையாக எழுதப்பட்ட கொப்பி.

தடாகம் போட நினைப்பவர்கள் கிடங்கு வெட்ட முன்பே பி.எச்.ஐயைப் போய்ப் பாருங்கள். வடிகால்களின் தூரம், பிள்ளைகள் ஏற முடியாத வேலி, தானாகச் சாத்துகிற படலை, தடாகத்துக்குப் போகிற வழியிலேயே குளிக்கிற இடம், அமிலத்துக்கும் குளோரினுக்கும் காற்றோட்டமுள்ள தனித்தனி அறை, வடிகட்டி கழுவிய நீர் பக்கத்து வளவுக் கிணற்றுக்கோ வயல் வாய்க்காலுக்கோ போகாமல் இறங்குகிற குழி, இவை கொங்கிறீற் போட்ட பிறகு மாற்ற முடியாதவை, மாற்றினாலும் கட்டிய காசில் பாதி போகும். வரைபடத்தோடு கிணற்று நீரின் அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள்.